பதினோரு தடவை பார்த்த டிராயிங்

“எழுதுங்க மேடம்மா. கண்ணு சரியாத் தெரியறதில்லைன்னு எழுதிடுங்க.”

முனியப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து, டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலையின் கேன்டீன். காலை டீ நேரம். அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்த மேஜை, மேலே ஒரு வெள்ளைத்தாள், என் கையில் பேனா.

முனியப்பா போரிங் மிஷின் ஆபரேட்டர். இரும்பு வார்ப்பில் இருக்கும் துளையைக் குடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. முந்தின நாள் காலை அவர் போட்ட ஃபிளேஞ்சுகள், குழாய்களை இணைக்கிற இரும்பு வளையங்கள், ஒரு ட்ராலி நிறைய, துளை மூன்று மில்லிமீட்டர் பெரிதாகப் போய்விட்டன. துளை சின்னதாக இருந்தால் இன்னொரு தடவை குடைந்து சரிசெய்யலாம். பெரிதாகிவிட்டால் பழைய இரும்புதான்.

விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள். அது அவருக்கு மூன்றாவது மெமோ. மூன்றாவது என்றால் விசாரணை, அதற்குப் பிறகு சஸ்பென்ஷன்.

ஜூஜுவாடியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். வீட்டில் தெலுங்கு, படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில், தொழிற்சாலையில் பேசுவது தமிழ். மூன்றும் வரும், தமிழில் எழுத மட்டும் வராது. அதனால்தான் பதில் எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்திருந்தார்.

“அப்படியே போரிங் மிஷின் வேணாம், பேக்கிங்குக்கு மாத்திடுங்கன்னும் சேத்து எழுதிடுங்க. பெட்டிக்கு ஆணி அடிக்கறதுக்கு இந்தக் கண்ணு போதும்.”

பன்னிரண்டு வருஷம் அந்த மிஷினில் நின்றவர். அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர்.

அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தொழிற்சாலையில் அது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்திதான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃப்ளாப்பியில் அடங்கின சர்வர்

கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றி வைப்பார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அந்த ரூமில் வேலை செய்தது இரண்டே பேர். நானும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சுடலைமுத்து அண்ணனும். தொண்ணூறுகளின் கடைசி. இன்டர்நெட் என்பதைப் பற்றி நாங்கள் பத்திரிகையில்தான் படித்திருந்தோம்.

அப்போது தொழிற்சாலையின் பெரிய தலைவலி டிராயிங். பெங்களூர் கம்பெனிக்காரர்கள் மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு அளவை மாற்றுவார்கள். புது டிராயிங் வரும். பழையதும் போகாது. ஆபரேட்டர்கள் ஆளுக்கொரு காப்பியை எட்டாக மடித்து டூல் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். எண்ணெய்க் கறையில் எட்டு எது மூன்று எது என்று தெரியாது.

“ஒரே டிராயிங் ஒரே இடத்துல இருக்கணும். அதுக்கு வழி பண்ணும்மா” என்றார் டபிள்யூ.எம். வொர்க்ஸ் மேனேஜருக்கு வேறு பெயர் இருந்தது என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினேன். அதோடு இலவசமாக ஒரு சிடி. அதில் நாலைந்து வெப் சர்வர்கள் இருந்தன. பெரியவற்றைப் போட்டால் எங்கள் பழைய 486 கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு ஃப்ளாப்பியில் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும், அவ்வளவு குட்டி. அதைப் போட்டதும் 486 ஒன்றும் நடக்காதது போல ஓடியது. எனக்கு அதன் மேல் ஆசையே வந்துவிட்டது.

சர்வர் என்றால் என்ன என்று அப்போது எல்லோரும் கேட்பார்கள். ஸ்டோர்ஸ் ஜன்னலில் நிற்கிற ஆள் என்று சொல்வேன். நீங்கள் கேட்பதை உள்ளே போய் எடுத்து வந்து கொடுப்பார். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்த அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கலாம், யார் எப்போது வாங்கினார்கள் என்று எந்த நோட்டில் எழுத வேண்டும் என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சர்வருக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. பத்துப் பன்னிரண்டு வரி, அவ்வளவுதான். எந்த வரியை வேண்டுமானாலும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். பெரிய சர்வர்களிடம் இல்லாத இந்தப் பணிவுதான் எனக்குப் பிடித்தது.

ஒரே ஒரு விஷயம். அந்த ஆள் டியூட்டிக்கு வந்ததும் ஒரு தடவைதான் சீட்டைப் படிப்பார். படித்து மனதில் வைத்துக்கொள்வார். நடுவில் நீங்கள் சீட்டைத் திருத்தினால் அவருக்குத் தெரியாது. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால்தான் புதுச் சீட்டைப் படிக்கும்.

அலமாரிகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் உண்மையான டிராயிங்குகள். இன்னொன்று நான் விளையாடிப் பார்ப்பதற்கான சோதனை அலமாரி. சோதனைக்குத் தனி கம்ப்யூட்டர் ஒன்று கேட்டேன். “மொதல்ல இருக்கறத ஓட்டிக் காட்டும்மா” என்றார் டபிள்யூ.எம். அதனால் சாப்பாட்டு நேரத்தில், ஷாப்பில் யாரும் இல்லாதபோது சீட்டில் அலமாரியை மாற்றி, சர்வரை நிறுத்தி ஓடவிட்டுச் சோதனை செய்வேன். முடிந்ததும் பழையபடி மாற்றி இன்னொரு தடவை நிறுத்தி ஓடவிடுவேன். இப்போது நினைத்தால் கத்தி மேல் நடந்திருக்கிறேன்.

மேடம்மாவோட டிவி

ஷாப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டரை மரப்பெட்டிக்குள் வைத்து, முன்னால் கண்ணாடி போட்டு, இரும்புத் தூசி போகாமல் அடைத்தோம். கீழே ஒரு சின்னப் பலகையில் மவுஸ். செக்‌ஷனையும் பார்ட் நம்பரையும் கிளிக் செய்தால் டிராயிங் வரும். ஒரே வாரத்தில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மேடம்மாவோட டிவி. மேடம் என்று சொன்னால் மரியாதை போதாது, அம்மா என்று சொல்ல எனக்கு வயது போதாது. இரண்டையும் ஒட்டி முனியப்பா ஆரம்பித்துவைத்த பெயர்தான் மேடம்மா.

எல்லோரும் டூல் பெட்டியிலிருந்து காகித டிராயிங்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். முனியப்பா மட்டும் கொடுக்கவில்லை.

“பேப்பர்னா என் கூடவே இருக்குது மேடம்மா. டிவி அங்க இருக்குது.”

எனக்கு அந்த வயதில் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பத்துப் பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். “உங்க பேப்பரையும் நம்பாதீங்க, உங்க ஞாபகத்தையும் நம்பாதீங்க. டிவியில என்ன இருக்கோ அதுதான் டிராயிங். சும்மா சும்மா என்கிட்ட வந்து கேக்கவும் கூடாது, புரியுதா?”

என்னைவிடப் பத்து வயது பெரியவர். பெட்டியைத் திறந்தார். மடிப்பு மடிப்பாக ஒரு கத்தை டிராயிங்கை எடுத்து என் கையில் வைத்தார்.

“பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி இருக்குது” என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அவரைப் போல டிவியை மதித்தவர் வேறு யாரும் இல்லை. கையைக் காட்டன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டுதான் மவுஸைத் தொடுவார். சர்வர் எழுதிவைக்கும் நோட்டை, லாக் என்போம், தினமும் காலையில் படிப்பது என் வழக்கம். போரிங் செக்‌ஷனிலிருந்து ஒரு வேலைக்கு மூன்று தடவை வந்து பார்த்திருப்பார். ஆரம்பிக்கும்போது ஒன்று, நடுவில் ஒன்று, முடிக்கும்போது ஒன்று. கடிகாரம் போல இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அத்தா வந்த நாள்

ஆடி மாதத்தில் ஒரு நாள். சாப்பாட்டு நேரம். திரையில் புது டிராயிங் உடனே மாறுகிறதா என்று பார்க்க நினைத்தேன். ஒரு ஃபிளேஞ்ச் டிராயிங்கைச் சோதனை அலமாரியில் காப்பி எடுத்து, துளையின் அளவை 62 என்பதிலிருந்து 65 என்று மாற்றினேன். மாறியது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். பிறகு சீட்டில் சோதனை அலமாரியின் பெயரை எழுதிவைத்தேன். இனி சர்வரை நிறுத்தி ஓடவிட வேண்டியதுதான் பாக்கி.

டெலிபோன் அடித்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி. “உங்கப்பா வந்திருக்காரும்மா. கூடை நெறைய மாம்பழம்.”

எங்கள் அத்தா குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்கயிறும் சலங்கையும் விற்கிறவர். பெண் வேலைக்குப் போவதில் அவருக்கு அரை மனசு. வேலை பார்க்கிற இடத்தை அதுவரை வந்து பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சந்தை முடிந்து, கடைசி நீலம் பழங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு, லாரி ஏறி வந்து நிற்கிறார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று அத்தா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள விட மாட்டாங்களாம்மா. உன் மிஷினு எந்தப் பக்கம் இருக்குது?”

கையை நீட்டிக் காட்டினேன். அங்கிருந்து தெரிந்தது ஒரு ஜன்னலும் ஏசி பெட்டியும்தான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லா ஓடுதா?”

“நல்லா ஓடுது அத்தா.”

“அப்ப சரி” என்றார். அந்த அப்ப சரிக்காக நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே வாய் ஒரு விலை சொல்லும். துண்டுக்கடியில் விரல் வேறு விலை சொல்லும். சின்ன வயதில் கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் 486 மிஷினும் அப்படித்தான் ஆகியிருந்தது. சீட்டில் எழுதியிருந்தது சோதனை அலமாரி. ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மனதில் இருந்தது உண்மை அலமாரி.

திரும்பி வந்தபோது ஷாப் ஓட ஆரம்பித்துவிட்டது. டிவியில் எல்லாம் சரியாக இருந்தது. கூடையிலிருந்த பழங்களை எல்லோருக்கும் கொடுத்தேன். முனியப்பா இரண்டு எடுத்துக்கொண்டார். சீட்டை நான் மறந்தேபோனேன்.

சர்வருக்கு ஒரு பொட்டு

அதற்குப் பிறகு சர்வர் நிற்கவே இல்லை. கரண்ட் போனால் யுபிஎஸ், அது தீர்வதற்குள் ஜெனரேட்டர். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று ஒரு காகிதத்தில் தினமும் எழுதிச் சுவரில் ஒட்டிவந்தேன். கெடுத்துவிடப் போகிறோமே என்று சோதனைகளைக்கூட நிறுத்திவைத்தேன். பெருமை பிடித்தால் அப்படித்தான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. மிஷின்களை எல்லாம் நிறுத்தி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். பூஜை முடிந்தபின் எதையும் ஓட்டக் கூடாது. எலுமிச்சம்பழம் வாங்கி வருவது வருஷா வருஷம் என் பொறுப்பு. நான் வாங்கிய வருஷம் ஒரு மிஷினும் பிரேக்டவுன் ஆகவில்லை என்று யாரோ கணக்குச் சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாய் வீட்டுப் பெண் கையால் வந்த எலுமிச்சம்பழம் என்று அதற்கு ஒரு மவுசு.

சுடலை அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் ரூமுக்குள் வந்தார்.

“தங்கச்சி, இத நிறுத்து. பொட்டு வைக்கணும்.”

“ஓடும்போதே வைங்கண்ணே. தொண்ணூறு நாளாச்சு, நிறுத்த மனசு வரலை.”

“நல்லாருக்கே கத! எல்லா மிஷினும் லீவுல இருக்கு, இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்கும் ஒரு நாள் லீவு குடுக்காண்டாமா?”

எனக்கே பாவமாகத் தோன்றியது. சுவரில் ஒட்டின காகிதத்தைக் கிழித்துவிட்டு சர்வரை நிறுத்தினேன். அண்ணன் அதன் நெற்றியில், அதாவது ஃப்ளாப்பி போடும் வாய்க்கு மேலே, பொட்டு வைத்தார். ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அண்ணன் அன்றைக்கே நான்கு நாள் லீவில் ஊருக்குப் பஸ் ஏறினார்.

சாமி பீஸ்

ஒரு நாள் விடுமுறைக்குப் பிறகு தொழிற்சாலை திறந்தது. ஒவ்வொரு மிஷினுக்கும் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கி ஓடவிட்டார்கள். நானும் 486 மிஷினுக்கு ஒன்று நசுக்கி, சர்வரை ஓடவிட்டேன். அது டியூட்டிக்கு வந்த ஆள் போல ஆடி மாதத்துச் சீட்டை எடுத்துப் படித்தது. சோதனை அலமாரிக்குப் போய் நின்றுகொண்டது.

மற்ற நாளாக இருந்தால் முதல் பீஸிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். எந்த வேலையிலும் முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக வேண்டும். அவர்கள் அளந்து சரி என்றால்தான் அடுத்தது. ஆனால் பூஜைக்குப் பிறகு ஓடுகிற முதல் பீஸ் சாமி பீஸ். அதற்குப் பொட்டு வைத்து, ஷாப் மூலையில் இருக்கும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். அதில் யாரும் கேஜ் வைத்து அளவு பார்க்க மாட்டார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். வருஷா வருஷம் ஒன்றும் ஆனதில்லை.

முனியப்பாவுக்கு அன்று வந்த வேலை அந்த ஃபிளேஞ்ச்.

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து ஒரு ஃபிளேஞ்சில் கேஜை நுழைத்தார். இறுக்கமாகப் போக வேண்டியது உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. அடுத்ததும் ஆடியது. அதற்கடுத்ததும்.

சத்தம் கேட்டு நான் ஷாப்புக்குப் போனேன். அறுபத்தைந்து என்று யாரோ கத்தினார்கள். ஆடி மாதத்தில் நான் மாற்றிவைத்த எண் அது. திரும்பி ஓடினேன். சீட்டைத் திறந்தேன். அலமாரியின் பெயரை மாற்றினேன். சர்வரை நிறுத்தி ஓடவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது டபிள்யூ.எம். முனியப்பாவை டிவி முன்னால் நிறுத்தியிருந்தார்.

“எவ்வளவு போட்டிருக்கு, படி.”

முனியப்பா குனிந்து பார்த்தார். சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

“அறுபத்தி ரெண்டு சார்.”

“அப்புறம் எதைப் பார்த்து அறுபத்தஞ்சு போட்டே?”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையையே பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தொண்ணூறு நாள் நிற்காமல் ஓட்டிய மேடம்மா, கேட்டில் நின்று அத்தாவிடம் நல்லா ஓடுது என்று சொன்ன மேடம்மா, வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் பழைய ஆள், ஒரு மெமோவில் என்ன ஆகிவிடும்? சூளகிரி தாண்டுவதற்குள் அந்தச் சமாதானம் தீர்ந்துபோனது. அது அவருக்கு எத்தனையாவது மெமோ என்று எனக்குத் தெரியும்.

மறுபடியும் கேன்டீன்

இப்படித்தான் மறுநாள் காலை அந்த வெள்ளைத்தாளுக்கு முன்னால் வந்து சேர்ந்தேன். ‘ஐயா’ என்று எழுதி, ஒரு கமா போட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

“எழுதுங்க மேடம்மா. எத்தனையோ தடவை போய்ப் பாத்தேன். அத்தனை தடவையும் அறுபத்தஞ்சாத்தான் தெரிஞ்சுது. கண்ணு போச்சுங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“முனியப்பா.”

“சொல்லுங்க.”

“நேத்து காலையில டிவியில அறுபத்தஞ்சுதான் இருந்துச்சு.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். சீட்டு, சோதனை அலமாரி, மாம்பழம், பூஜை எல்லாவற்றையும் சொன்னேன். “டபிள்யூ.எம். முன்னால நீங்க பார்க்கறதுக்குள்ள நான்தான் ஓடிப்போய் மாத்திட்டேன். தப்பு என்னோடது” என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தே சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நிஜவா?” என்று கன்னடத்தில் கேட்டார். பிறகு தமிழில், “அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதா?”

“நல்லா இருக்கு.”

எழுந்து போனார். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. பாதி வழியிலேயே நின்று, அதன் அடியில் பொடியாகப் போட்டிருந்த ராகுகால நேரத்தைப் படித்தார். சத்தமாகப் படித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெமோவைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது.

“நேத்து வீட்டுக்குப் போயி எம்பொண்ணு மூஞ்சியப் பாத்துகிட்டே உக்காந்திருந்தேன் மேடம்மா. இன்னும் எத்தனை நாளைக்குத் தெரியுமோன்னு.”

நான் அழுதேன். கேன்டீன் என்றும் பார்க்கவில்லை, மேடம்மா என்றும் பார்க்கவில்லை.

டபிள்யூ.எம். கேட்ட கேள்வி

முந்தின நாளின் லாக்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனோம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலிருந்து கிழித்த காகிதம், ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக. சர்வரை எத்தனை மணிக்கு ஓடவிட்டேன், எந்த அலமாரியிலிருந்து டிராயிங் போனது, எத்தனை மணிக்குத் திருட்டுத்தனமாக மாற்றினேன், எல்லாம் அதில் இருந்தன. நான் எழுதிக்கொடுத்த சீட்டுப்படியே சர்வர் ஒன்று விடாமல் எழுதிவைத்திருந்தது.

டபிள்யூ.எம். வரி வரியாகப் பேனாவை வைத்து எண்ணினார்.

“போரிங் செக்‌ஷன், ஒரே டிராயிங், பதினோரு தடவை. மூணு தடவைதானே பார்ப்பே? ஏன் பதினொண்ணு?”

“கைக்கு அறுபத்தி ரெண்டுன்னு ஞாபகம் சார். இந்த ஃபிளேஞ்ச முன்னாடி போட்டிருக்கேன். டிவி அறுபத்தஞ்சுங்குது. ஞாபகத்த நம்பாத, டிவியத்தான் நம்பணும்னு மேடம்மா சொல்லியிருந்தாங்க. அதான் போயிப் போயிப் பாத்தேன்.”



டபிள்யூ.எம். என் பக்கம் திரும்பினார். “நேத்தே ஏம்மா சொல்லலை?”

“பயமா இருந்துச்சு சார்.”

“அவனுக்கு மட்டும் இருந்திருக்காதா?”

 

முனியப்பாவின் மெமோவைக் கிழித்துப் போட்டார். எனக்கு ஒன்று கொடுத்தார். கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்த முதல் மெமோ அது. அடுத்த வாரம் சோதனைக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. பூஜைக்குப் பிறகு முதல் பீஸ் சாமிக்கு, இரண்டாவது பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

அறுபத்தைந்து

அதற்குப் பிறகு மூன்று வாரம் முனியப்பா டிவி பக்கமே போகவில்லை. லாக்கில் போரிங் செக்‌ஷன் வரிகள் இல்லாமல் காலியாக இருக்கும். அவருக்கு வேண்டிய டிராயிங்குகளை நானே காகிதத்தில் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொள்வார். பேச மாட்டார். அந்த மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு நாள் மத்தியானம் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. முனியப்பா. கையில் காட்டன் வேஸ்ட்டில் சுற்றிய ஏதோ ஒன்று. மேஜையில் வைத்துப் பிரித்தார். ஃபிளேஞ்ச். அதில் காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

“சாமி பீஸு மேடம்மா. அன்னிக்குப் போட்டது. மத்ததெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு. பொட்டு வெச்சதத் தூக்கிப் போட மனசு வரல. நீங்க வெச்சிக்கங்க.”

“இதுவும் அறுபத்தஞ்சுதானே?”

“சாமி கேஜ் வெச்சுப் பாக்கறதில்ல” என்றார். சிரித்தார். மூன்று வாரத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு.

அந்தத் தைரியத்தில்தான் மனதில் கிடந்ததைக் கேட்டேன். “பதினோரு தடவை நடந்தீங்களே முனியப்பா. ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து என்னைக் கேட்டிருக்கலாமே? நான் இருபதடி தூரத்துலதானே இருந்தேன்?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“கேட்டா திட்டுவீங்களே மேடம்மா.”

குற்றமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஃபிளேஞ்ச் இன்றைக்கும் என் மேஜையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது. குங்குமம் இரும்புக்குள் இறங்கி, துருவா பொட்டா என்று தெரியாமல் ஆகிவிட்டது. பிறகு எத்தனையோ பெரிய சர்வர்களைக் கட்டி மேய்த்திருக்கிறேன். எதை நிறுத்துவதற்கு முன்னும் அதன் சீட்டை ஒரு தடவை படித்துவிடுவேன்.

மறுநாளிலிருந்து முனியப்பா டிவிக்கு வர ஆரம்பித்தார். மூன்று தடவை பார்ப்பார். பிறகு, அந்த ஃபிளேஞ்ச் வேலை என்றால், ஷாப் டெலிபோனிலிருந்து கம்ப்யூட்டர் ரூமுக்கு ஒரு போன் வரும்.

“மேடம்மா, அறுபத்தி ரெண்டுதானே?”

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய், இரும்பு அலமாரியிலிருந்து காகித டிராயிங்கை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு வந்து ரிசீவரை எடுப்பேன்.

“அறுபத்தி ரெண்டுதான் முனியப்பா.”